புது ஊசி

ஆகஸ்ட் 2, சனி

இது ஏதோ மருந்துக் கம்பெனி குடுத்த பழைய டைரி. கிழமை எல்லாம் தப்பு. நானே அடிச்சு எழுதிக்கிடுதேன்.

சனிக்கெழமன்னா வெள்ளைதான். வேற கலரே கண்ணுல படாது. காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்புல லாண்டரி வெச்சா இப்படித்தான்னு சித்தி சொல்லுதா. வாரம் பூரா போட்ட கோட்ட எல்லாம் மத்தியானம் கொண்டாந்து குமிச்சுப்புட்டு ஊருக்கு பஸ் ஏறிருதாளுவ. திங்கக்கெழம மொடமொடப்பா வேணும்.

இந்தக் கோட்டோடதான் ரத்தம் தொடுதாளுவ. இதே கோட்டோட கேண்டீன்ல பப்ஸ் திங்காளுவ. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து டாக்டரம்மா மாதிரி வெளிய பாக்காளுவ. கழட்டி பைக்குள்ள வெச்சா யாருக்குத் தெரியும், லேப் படிக்கிற பிள்ளன்னு?

மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி பாக்கெட்ட காலி பண்ணுறது என் வேல. கடலத்தோலு, பஞ்சு, பாதி முட்டாயி, ஊதி விளையாடுன கையுறை ஒண்ணு, பஸ் டிக்கெட்டு. ஜெனிட்டா கோட்டுல கைய விட்டேன். சுருக்குன்னுச்சு.

ஊசி. மூடி பாதி கழண்டு கெடந்துச்சு.

ஆள்காட்டி விரல்ல ஒரு சொட்டு ரத்தம். டக்குன்னு வாயில வெச்சு உறிஞ்சிட்டேன். வெளிய எடுத்து நல்லா அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். அப்புறந்தான் ஞாபகம் வருது. வாயில வைக்கக் கூடாது, அமுக்கக் கூடாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும். மொத செமஸ்டர்ல இந்தக் கேள்விக்கு முழு மார்க்கு வாங்குனவ நான்.

ஜெனிட்டாவும் நானும் ஒரே பெஞ்சு. ரெண்டாவது வருசம் பாதில நான் நின்னுட்டேன். பிடிக்கல, வந்துட்டேன். அவ்வளவுதான்.

ஊசிய காலி ஊறுகா பாட்டில்ல போட்டு மூடி வெச்சிருக்கேன். சித்திட்ட சொல்லல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மொட்டமாடில கோட்டு எல்லாம் காயுது. ஆடிக் காத்து உள்ள பூந்து ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சு வந்து, தோளு வந்து, கையத் தூக்கித் தூக்கி ஆட்டுது. தலை மட்டும் இல்ல. கொஞ்ச நேரம் நடுவுல நின்னேன். ஏதோ கிளாஸ்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. கிளிப் போட்டுட்டு எறங்கிட்டேன்.

ஜெனிட்டா இந்த வாரம் அவ ஊரு உவரிக்குப் போகல, ஹாஸ்டல்லதான் கெடக்கா. சர்ச்சு முடிஞ்சு நேரா கடைக்கு வந்தா. பூப்போட்ட சுடிதாரு. இடது கை விரல்ல பிளாஸ்திரி.

"ஏட்டி, உன் பாக்கெட்ல ஊசி கெடந்துச்சு. எனக்குக் குத்திருச்சு"ன்னேன்.

மொகம் வெளிறிப் போச்சு. அப்புறம் சிரிச்சா.

"அது புதுசுட்டி. ரத்த டெஸ்ட் கேம்ப்ல மிஞ்சுனது. ஊசிக் குப்ப டப்பா நெறஞ்சு கெடந்துச்சா, கீழ போட்டா இன்சார்ஜு கத்துவாரு, பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

"புது ஊசிக்கு எதுக்குட்டி டப்பா?"

"ஐயோ, உங்கூட வாதாட முடியாது. புதுசுன்னா புதுசு. கர்த்தர் சத்தியமா."

"கையில என்ன?"

"வெண்டைக்கா நறுக்கும்போது வெட்டிக்கிட்டேன்."

அப்போ சரி. புதுசுன்னா புதுசுதான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அவ பாதி டீய வெச்சுட்டுப் போயிட்டா.

சாயங்காலம் பாட்டில வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஊசி சொருகுற எடத்துல பிளாஸ்டிக்குக்குள்ள பழுப்பா ஒரு கோடு. துருவா இருக்கும். இந்த ஊசி துருப்பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் துருன்னே எழுதி வைக்கேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பல்லுவலின்னு சித்திட்ட சொல்லிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சும்மாதான். துருன்னாலும் கேட்டுக்கிடலாமேன்னு.

ஊசி குத்துனதுக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்கு. அங்கன கவுன்சிலரு மும்தாஜ் அக்கா. ஒல்லி, பெரிய கண்ணாடி, பேசும்போதே நம்ம கையப் பிடிச்சுக்கிடுவாங்க. கோட்டு பாக்கெட்ல கெடந்துச்சுன்னு சொல்லி பாட்டில நீட்டுனேன். வெளிச்சத்துல ஒரு தடவதான் பாத்தாங்க.

"இது போட்ட ஊசிம்மா."

"புதுசுன்னு சொன்னாங்க."

"சொன்னவங்க பக்கத்துல இருக்காங்களா? இல்லேல்ல. அப்போ போட்ட ஊசின்னே வெச்சுக்கிடுவோம்."

எச்ஐவி வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மியாம். கம்மின்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்லயாம். குத்துனதுல இருந்து மூணு நாளைக்குள்ள மாத்திர ஆரம்பிச்சுரணும், எவ்வளவு வெரசாவோ அவ்வளவு நல்லது. மூணு நாள் தாண்டிட்டா குடுத்துப் பிரயோசனம் இல்ல. தினம் ஒண்ணு, நாலு வாரம். இன்னிக்கு ஒரு டெஸ்ட், ஆறு வாரம் கழிச்சு ஒண்ணு, பன்னெண்டு வாரத்துல கடைசி. மஞ்சக்காமால தடுப்பூசி போட்டியான்னாங்க. காலேஜ்ல மூணு தடவ போடணும், ரெண்டு போட்டாச்சு, மூணாவதுக்கு முன்னாடி நான் நின்னுட்டேன். அதையும் இன்னிக்கே போட்டு விட்டாங்க. டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும்போது கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். அது என் பழக்கம்.

"யாரு கோட்டும்மா அது?"

"தெரியாதுக்கா. நெறய கோட்டு வரும்."

அவங்க கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டாங்க. நம்பல.

கடைசியா, "மாத்திர போட்டா கனவு வரும், பயந்துராத. சிலருக்கு சினிமா மாதிரி வரும்"னாங்க.

பல்லு எப்படி இருக்குன்னு சித்தி கேட்டா. பிடுங்கலன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கனவ மொதல்ல எழுதுதேன், இல்லன்னா கரைஞ்சு போயிரும்.

காலேஜ் லேபு. வெளிய கடல் இருக்கு, ஜன்னல் வரைக்கும் தண்ணி, ஆனா உள்ள வரல. எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டு தொடுத எடமெல்லாம் ஊதாவாகுது. ஸ்லைடுல கிருமிக்கு சாயம் ஏத்துவோம்ல, அதே ஊதா. போன எடுக்காளுவ, போனு ஊதா. காது ஊதா. கதவுப் பிடி, லிப்ட் பட்டன், பப்ஸு. ஒருத்தி கோட்டோட பஸ்ல ஏறுதா, பஸ்ஸே ஊதாவாகிப் போகுது. யாரும் பயப்படல. பண்டிக மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. ஜெனிட்டா மட்டும் ஓரமா மைக்ராஸ்கோப் பக்கத்துல உக்காந்து வெண்டைக்கா நறுக்குதா. ஒவ்வொரு துண்டுலயும் ஒரு ஊதா நட்சத்திரம். "கொழம்புக்கா?"ன்னு கேட்டேன். அவ அடுத்த வெண்டைக்காய எடுத்தா.

முழிச்சுக் கெடந்தேன். பேன் சுத்துது. அப்புறம் எந்திரிச்சு உக்காந்தேன்.

ஹாஸ்டல்ல ஏதுட்டி வெண்டைக்கா?

ஹாஸ்டல்ல தட்டு நீட்டுனா சோறு விழும். கத்தி வெச்சிருந்தாலே வார்டன் பிடுங்கிருவாங்க. அவ ஊருக்கும் போகல. எங்கன போயி நறுக்குனா?

கேம்ப் சனிக்கெழம காலைல. இன்னிக்கு மத்தியானத்தோட மூணு நாள் முடிஞ்சுரும்.

பல்லு தேக்காம ஓடுனேன். கேட்ல வாட்ச்மேன் ஸ்டூடண்டு மட்டுந்தான்னு நிக்காரு. திரும்பி கடைக்கு வந்து, தேச்சு வெச்சும் ஜெனிட்டா வாங்க வராத கோட்ட எடுத்து மாட்டிக்கிட்டேன். சரியா இருந்துச்சு. இந்தத் தடவ வாட்ச்மேன் மூஞ்சியக்கூட பாக்கல, கோட்டத்தான் பாத்தாரு.

லேபு மாறவே இல்ல. அதே பெஞ்சு, அதே வாடை. பியூலா மேடம் போர்டு பக்கத்துல நிக்காங்க. நான் படிச்ச ஒன்றர வருசமும் எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க.

"இசக்கி? நீ எங்க இங்க?"

அவங்களத் தாண்டிப் போனேன். ஜெனிட்டா மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சிருந்தா. வேற கோட்டு, கடன் வாங்குனது போல, கை நீளமா தொங்குது.

"ஜெனி. உனக்கு எப்போ குத்துச்சு?"

"என்னது?"

"ஊசி. மூடிய திரும்ப மாட்டும்போது குத்திச்சா? அதத்தான பாக்கெட்ல ஒளிச்சு வெச்ச?"

"உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? அது புதுசுன்னு சொன்னேன்லா?" மெதுவாத்தான் சொன்னா. எல்லாரும் திரும்பிட்டாங்க.

"அப்போ பிளாஸ்திரிய எடு, பாப்போம்."

"போட்டி."

"வெண்டைக்கா எங்கனட்டி நறுக்குன? பாத்ரூம்லயா?"

யாரோ சிரிச்சாங்க. அவ சிரிக்கல. கண்ணு நெறஞ்சு போச்சு, ஆனா விழல. "புதுசு இசக்கி"ன்னா மறுபடியும். கெஞ்சுற மாதிரி.

எனக்கு என்ன செய்யன்னு தெரியல. மாத்திர டப்பாவ பாக்கெட்ல போட்டுட்டுத்தான் வந்திருந்தேன். ஒண்ண எடுத்து அவ உள்ளங்கையில வெச்சேன்.

"இது எனக்கு நாலு வாரத்துக்குக் குடுத்தது. ஊசி புதுசுன்னா உனக்கு இது வேண்டாம். திருப்பிக் குடு, நான் போறேன். உங்கிட்ட இனிமே கேக்கவே மாட்டேன்."

பெரிய மாத்திர. வெள்ளையா, உள்ளங்கைல சின்னப் படகு மாதிரி கெடந்துச்சு. அவ அதையே பாத்துக்கிட்டு இருந்தா. வெளிய ஏதோ வண்டி ஹார்ன் அடிக்கு. எனக்கு அந்த மாத்திர அவ கையச் சுட்டுரும் போல இருந்துச்சு.

வாயில போட்டா. தண்ணி இல்லாம முழுங்குனா. தொண்டைல நின்னு நின்னு எறங்குச்சு.

பின்னாடி இருந்து ஒரு பையன், "மேடம், லேபுல எதையும் வாயில வைக்கக் கூடாது"ன்னான்.

"வாய மூடு ஸ்டான்லி"ன்னாங்க மேடம். போன எடுத்து ஆட்டோக்குச் சொன்னாங்க. அப்புறம் ஜெனிட்டா முன்னாடி ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"எப்போ?"

"சனிக்கெழம மேடம். பத்தரை இருக்கும்."

"யாருக்கு எடுத்த ஊசி?"

"தெரியல மேடம். வரிசையா எடுத்துக்கிட்டே இருந்தோம். மூடி மாட்டும்போது குத்திருச்சு. சொன்னா எல்லார் முன்னாடியும்…" மூக்கு ஒழுகுது. கையுறையோட தொடைக்கப் போனா, மேடம் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. எந்திரிச்சு கிளாஸப் பாத்து நின்னாங்க.

"எல்லாரும் கண்ண மூடுங்க. நான் பேரு எழுத மாட்டேன். ஊசியோ கண்ணாடியோ குத்தி, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதவங்க கைய மட்டும் தூக்குங்க."

நான் கிளாஸ் இல்லையே. என்னைய யாரும் மூடச் சொல்லல. திறந்துதான் வெச்சிருந்தேன்.

மொதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் ஜன்னலோரத்துல ஒரு கை. நடுவுல ரெண்டு. ஸ்டான்லி கை. எண்ணல, எண்ணத் தோணல. தண்ணிக்குள்ள பாசி எந்திரிக்க மாதிரி பைய பைய மேல வந்துச்சு. எல்லாம் கையுறை போட்ட கை, யாரு கைன்னே தெரியாத மாதிரி.

மேடத்த திரும்பிப் பாத்தேன். அவங்களும் கண்ண மூடியிருந்தாங்க. அவங்க கையும் மேல இருந்துச்சு.

நான் தரைய பாத்துக்கிட்டேன்.

ஆட்டோல மேடமும் வந்தாங்க. பத்து மணிக்கு முன்னாடி போயிட்டோம். மும்தாஜ் அக்கா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "கோட்டு கெடச்சிருச்சா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆகஸ்ட் 6, புதன்

ஒண்ணும் இல்ல. போர்வையா வந்துச்சு, தொவைச்சேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜெனிட்டா கோட்டு வாங்க வந்தா. சித்தி உள்ள இருந்தா.

"சந்தோசமாட்டி? எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டேல்லா. தனியா கூப்பிட்டுக் கேக்கத் தெரியாதா உனக்கு?"

"ஞாயித்துக்கெழம தனியாத்தான கேட்டேன். கர்த்தர் மேல சத்தியம் பண்ணுனேல்லா."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா படிச்சது போதும், வந்து கல்யாணம் பண்ணுன்னுவா. உனக்கென்ன, உனக்கு விட்டுட்டுப் போறது ஈசி."

அயர்ன் பெட்டிய டேபிள்ல வெச்ச வெப்புல கரண்டே போயிரும்னு நெனச்சேன். கோட்ட மடிக்காமலே தூக்கி நீட்டுனேன். போயிட்டா.

சித்தி உள்ள இருந்து வந்து, "பல்லுவலிக்கு நாலு வாரத்துக்கா மாத்திர குடுக்கான்?"ன்னா. எல்லாம் சொன்னேன். ராத்திரி சோத்துல முட்ட இருந்துச்சு.

ஆகஸ்ட் 9, சனி

கனவு. கோட்டு எல்லாம் மொட்டமாடில இருந்து கிளிப்ப கழட்டிக்கிட்டு பறந்து போகுது. ரோட்டத் தாண்டி, கேட்டத் தாண்டி, கிளாஸுக்குள்ள போயி வரிசையா பெஞ்சுல உக்காருது. மேடம் வருகை எடுக்காங்க. ஒவ்வொரு கோட்டும் கையத் தூக்குது. ஒரு எடம் காலியா கெடக்கு. அந்தப் பேர மேடம் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. யாரு பேருன்னு காதுல விழல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெனிட்டா வந்தா. படியேறாம ரோட்டுல நின்னா.

"உனக்கும் கனவு வருதாட்டி?"

"வருது."

"நேத்து கனவுல ஆத்துல குளிக்கேன். ஆறு பூரா சோப்பு நுரை. மேடம் கரைல நின்னு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நான் கழுவக் கழுவ எனக்குப் புதுசு புதுசா கை மொளைக்கு."

"எத்தன கை?"

"நீ சிரிக்காத. ஒவ்வொண்ணையும் கழுவணும்."

சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சுட்டா. உள்ள வந்து துணி மூட்ட மேல உக்காந்தா. ஊதா கனவச் சொன்னேன். கேக்கக் கேக்க அவ கைய மடியில இருந்து எடுத்து தூக்கிப் பிடிச்சுக்கிட்டா, எதையும் தொடாம.

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. விட்டுட்டுப் போறது ஈசின்னு."

"ஈசியாத்தான் இருந்துச்சு"ன்னேன்.

ஈசியா இல்ல. ரெண்டாவது வருசம் ஒருத்தர் கையில ஒருத்தர் ரத்தம் எடுத்துப் பழகச் சொன்னாங்க. எனக்கு வந்தது ஜெனிட்டா கை. நரம்பு பச்சையா தெரிஞ்சுச்சு, ரப்பர் கட்டியாச்சு, ஊசிய எடுத்தாச்சு. அப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கது மேல சுத்துத பேனு. எல்லாரும் சிரிச்சாங்க, தப்பில்ல, நானா இருந்தாலும் சிரிப்பேன். மறுநாள் போகல. அதுக்கு மறுநாளும். அப்புறம் போகாம இருக்கது பழகிருச்சு. இத இங்கன ஏன் எழுதுதேன்னு தெரியல. பிடிக்கல, வந்துட்டேன்னு மொதல்லயே எழுதியாச்சு.

ஆகஸ்ட் 16, சனி

புது சட்டம். கோட்டு குடுக்கிறவங்க அவங்க பாக்கெட்ட அவங்களே உள்ள இருந்து வெளிய இழுத்துப் போட்டுத்தான் குடுக்கணும். நான் கைய விட மாட்டேன். சித்தி அட்டைல எழுதித் தொங்க விட்டுட்டா.

ஸ்டான்லி வந்தான். "இது என்னக்கா ஏர்போர்ட்டா?"

"ஏர்போர்ட்டுல உன்னைய உள்ள விடுவானுவ. இங்க விட மாட்டேன். இழு."

இழுத்தான். ரெண்டு கண்ணாடித் துண்டு, ஒரு சீப்பு. பின்னாடி நின்ன பொம்பளப் பிள்ளைய எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்கு. அவன் காது செவந்து போச்சு. கண்ணாடிய போடத்தான் நீலத் தொட்டி இருக்கேடா, அங்க போடுறதுக்கு என்ன கேடுன்னேன். தூரமா இருக்குக்கான்னான். உண்மையத்தான் சொன்னான்.

சாயங்காலம் மூட்டைல அத்தன கோட்டும் பாக்கெட்டு வெளிய தொங்க நாக்க நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜெனிட்டா ஊதா கனவ கிளாஸ்ல சொல்லியிருக்கா. இப்போ யாராவது கையுறையோட போன தொட்டா, மூக்கச் சொறிஞ்சா, பக்கத்துல இருக்கவங்க "ஊதா!"ன்னு கத்துதாங்களாம். நேத்து மேடமே கையுறையோட கண்ணாடிய சரி பண்ணப் போயி கிளாஸே "ஊதா!"ன்னுருக்கு. மேடம் கழட்டிப் போட்டு கைகழுவிட்டு வந்து பாடத்த எடுத்தாங்களாம்.

டப்பா நெறஞ்சா கத்துத இன்சார்ஜுக்கு இப்போ ரெண்டு டப்பா குடுத்திருக்காங்க. அப்பவும் கத்துதாராம்.

என் கனவு அது. யாரும் எங்கிட்ட கேக்கல. பரவால்ல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வயித்தப் பொரட்டுது. மாத்திரதான். ஜெனிட்டாவுக்கு வாந்தியே வந்துருச்சாம். நிப்பாட்டிரலாமாட்டின்னா. ஊறுகாய நக்கு, நிப்பாட்டுன கொன்னுருவேன்னேன். அவ மாத்திர போட்டுட்டு வாயத் தொறந்து காட்டுதா, நான் போட்டுட்டு காட்டுதேன். சித்தி எங்களப் பாத்து தலையில அடிச்சுக்கிடுதா.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எனக்குக் கடைசி மாத்திர. லேபுல அவளுக்குக் குடுத்ததுக்கு மும்தாஜ் அக்கா அன்னிக்கே திட்டிக்கிட்டே வேற ஒண்ணு குடுத்துட்டாங்க. அவளுக்கு நாளைக்கு முடியுது.

செப்டம்பர் 5, வெள்ளி

கனவு வரல. நாலு நாளா படுத்தா விடிஞ்சுருது. உள்ள ஒண்ணுமே இல்ல. கரண்டு போன தியேட்டர் மாதிரி. ஜெனிட்டாவுக்கும் அப்படித்தானாம். "கொஞ்சம் கஷ்டமாத்தான்ட்டி இருக்கு"ன்னா. யார்ட்ட சொன்னாலும் செருப்பால அடிப்பாங்க.

செப்டம்பர் 15, திங்கள்

ஆறு வாரத்து டெஸ்ட். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. மும்தாஜ் அக்கா, "இன்னும் ஒண்ணு இருக்கு, குதிக்காத"ன்னாங்க. வெளிய வந்து லெமன் சோடா ரெண்டு பேரும் தனித்தனியா வாங்கிக் குடிச்சோம். ஒரு கிளாஸ்ல குடிக்க பயமா இருந்துச்சு. அப்படியெல்லாம் பரவாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் தனித்தனியாத்தான் குடிச்சோம்.

அக்டோபர் 9, வியாழன்

பியூலா மேடம் பட்டுச்சேல தேய்க்கக் குடுக்க வந்தாங்க. அவங்க வீடு ஊருக்கு அந்தப் பக்கம், அங்கேயே தேய்க்கிறவங்க இருக்காங்க.

"நடுவுல விட்டவங்க திரும்பச் சேரலாம்மா. யுனிவர்சிட்டில எழுதிக் கேக்கணும்."

"எனக்கு வேண்டாம் மேடம். இங்க நல்லாத்தான் இருக்கு."

"ஊசி பயம் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் போகல."

நான் சேலய மடிச்சுக்கிட்டே இருந்தேன். போகும்போது எப்போ கடைசி தேதின்னு கேட்டேன். சும்மாதான். யாராவது கேட்டா சொல்லலாமேன்னு.

அக்டோபர் 22, புதன்

தீவாளி முடிஞ்சு கோட்டெல்லாம் வெடி வாடை. டெஸ்டுக்கு இன்னும் அஞ்சு நாள். ஜெனிட்டா பேசுறதே கொறஞ்சுருச்சு. எனக்கு மாத்திர சீக்கிரமே ஆரம்பிச்சாச்சு. அவளுக்குத்தான் மூணு நாள் முடியப் போற கடைசில. அத ரெண்டு பேரும் சொல்லிக்கிடுறது இல்ல. ராத்திரி பூரா மழை.

அக்டோபர் 27, திங்கள்

காலைலயே ரெண்டு பேரும் போயி ரத்தம் குடுத்துட்டு வந்துட்டோம். மத்தியானம் வந்து கேளுங்கன்னாங்க. ஜெனிட்டா அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டா, கிளாஸுக்குப் போகல. நான் கடைக்கு வந்து ஈரக் கோட்ட தேச்சுக்கிட்டு இருந்தேன். ஆவி எந்திரிச்சு கடையே மேகத்துக்குள்ள இருக்க மாதிரி. அந்த மேகத்துக்குள்ள ஒரு பிள்ள வந்து நிக்கு. சொட்டச் சொட்ட நனைஞ்சு. மொத வருசம், கோட்டுல இன்னும் கடை மடிப்பு போகல.

"அக்கா, எனக்குக் குத்திருச்சு."

"என்னது?"

"லான்செட்டுக்கா. விரல்ல ரத்தம் எடுப்போம்லா, அது. பியூலா மேடம் இன்னிக்கு லீவு. வேற யார்ட்ட சொல்லன்னு தெரியல. சோப்பு போட்டு கழுவிட்டேன். அமுக்கல."

"எப்போ?"

"இப்பத்தான்கா."

அயர்ன் பெட்டிய அணைச்சேன். கோட்ட கழட்டச் சொல்லி தனியா ஒரு கவர்ல போட்டேன். சித்தி குடைய தூக்கி எறிஞ்சா. ஆட்டோல அந்தப் பிள்ள என் கைய விடவே இல்ல. வளையல் அழுந்தி எனக்குத் தடம் பதிஞ்சு போச்சு. செத்துருவேனான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. சாக மாட்ட, சும்ம கெடன்னேன். யாருக்குப் போட்ட லான்செட்டுன்னு தெரியுமான்னு கேட்டேன். தெரியும், அவரு ரத்தத்தையும் பாக்கணும்லா, அந்த அண்ணாச்சிய வெயிட் பண்ணச் சொல்லிட்டுத்தான் வந்தேன்னுச்சு. எனக்கு அந்தப் பிள்ளைய கட்டிப்பிடிக்கலாம் போல இருந்துச்சு. பிடிக்கல, நனைஞ்சு கெடந்துச்சு.

பெஞ்சுல ஜெனிட்டா இல்ல.

ரூம் கதவு திறந்துச்சு. ஜெனிட்டா நின்னா. அழுதிருந்தா. எந்த அழுகைன்னு பாத்தவொடனே தெரியல, அந்த ஒரு நிமிசம் மழ சத்தம்கூட எனக்குக் கேக்கல. அவ தலைய பக்கவாட்டுல ஆட்டுனா. அப்புறம் சிரிச்சா. இல்ல. ஒண்ணும் இல்ல.

"உனக்கும் இல்லட்டி. ரெண்டு பேருக்கும் இல்ல. அக்கா இப்பத்தான் சொன்னாங்க."

ஆடுவோம்னு நெனச்சு வெச்சிருந்தேன். ஆடல. பக்கத்துல ஒண்ணு பல்லு அடிக்க நடுங்கிக்கிட்டு நிக்கு. ஜெனிட்டா அவ துப்பட்டாவ எடுத்து அந்தப் பிள்ள தலைய தொவட்டி விட்டு பெஞ்சுல உக்கார வெச்சா. விரலத்தான் பாத்தா.

மும்தாஜ் அக்கா உள்ள கூப்புட்டு எழுத ஆரம்பிச்சாங்க. பேரு ஹெப்சிபான்னுச்சு. எனக்கே அப்பத்தான் தெரியும், ஓடி வந்த அவசரத்துல பேரு கேக்கல.

"கூடவந்தது யாரும்மா? உனக்கு என்ன வேணும் இவங்க?"

மும்தாஜ் அக்காவுக்கு நான் யாருன்னு நல்லாத் தெரியும். எழுதணுமே, அதுக்காகக் கேட்டாங்க. லாண்டரி அக்கான்னு சொல்லும்னு நானும் காத்துக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பிள்ள என்னைய அண்ணாந்து பாத்துச்சு.

"எங்க சீனியருக்கா."

மும்தாஜ் அக்கா பேனாவோட என்னையப் பாத்தாங்க. ஜெனிட்டாவும் பாத்தா.

நான் மாத்திச் சொல்லல.